இரண்டு மொழிக்கும் ஒரே பெஞ்சு



பள்ளிச் சேர்க்கைக் காலம் நெருங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு அதே பேச்சு: எந்தப் பள்ளி, எந்தப் பாடத்திட்டம், கட்டணம் எவ்வளவு, வேன் எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும். பள்ளிகள் தரும் கையேடுகள் மேசைமேல் குவிந்திருக்கும். எதைப் புரட்டினாலும் முதல் பக்கத்தில் நோக்கு, அடுத்த பக்கத்தில் விழுமியங்கள். மரியாதை, பன்முகம், உலகக் குடிமை, இருமொழித் திறன். எல்லாம் நல்ல சொற்கள்தாம். ஆனால் பெற்றோர் பார்க்க வேண்டியது, செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் அந்தச் சொற்கள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான். கால அட்டவணையில் இருக்கின்றனவா, சுவரில் மாட்டிய வரைபடத்தில் இருக்கின்றனவா, தேர்வுத்தாளில் இருக்கின்றனவா?

இந்த இதழின் மையப்பொருள் இருமொழிக் கல்வி. அதை ஒட்டி, நான் நெடுநாளாக வியந்து வாசித்துவரும் ஒரு பள்ளியின் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் தன் இரு மொழிகளாக வைத்துக்கொண்டு நூறாண்டைக் கடந்துவிட்ட ஜெனீவா பன்னாட்டுப் பள்ளி. 'எக்கோலின்ட்' என்று செல்லமாகச் சுருக்கி அழைப்பார்கள்.

1914-ல் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடந்த போர் ஒரு தலைமுறை இளைஞர்களை விழுங்கியது. அந்தச் சாம்பலிலிருந்துதான் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் பிறந்தது. 1920-ல் அது ஜெனீவாவில் குடியேறியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் அதே ஆண்டில் அங்கே வந்தது. பல நாட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். பெரியவர்களுக்கு வேலை காத்திருந்தது, பிள்ளைகளைச் சேர்க்கத்தான் ஏற்ற பள்ளி இல்லை. சொந்த நாட்டுக்கு அனுப்பி விடுதியில் சேர்க்கலாம். ஆனால் எந்தத் தேசப் பெருமை போரில் கொண்டுபோய் விட்டதோ, அதே பெருமையைப் பாடப்புத்தகத்தில் படித்துத்தான் அந்தப் பிள்ளை வளரும். அப்பா பகலெல்லாம் ஜெனீவாவில் சமாதானத்துக்காகக் கோப்பு எழுதுவார்; மகன் வேறோர் ஊரில் பக்கத்து நாட்டை வெறுக்கப் படித்துக்கொண்டிருப்பான். இந்த முரணைச் சிலரால் தாங்க முடியவில்லை.

அவர்களில் மூவரைச் சொல்ல வேண்டும். சர்வதேச சங்கத்தின் செய்திப் பிரிவில் இருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆர்தர் ஸ்வீட்சர் ஒருவர். சங்கத்தின் சுகாதாரப் பிரிவை நடத்திய போலந்து மருத்துவர் லுட்விக் ரைக்மன் இன்னொருவர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் யுனிசெஃப் உருவாகக் காரணமாக இருந்து, அதன் முதல் தலைவராகவும் ஆனவர் இவர்தான். மூன்றாமவர் சுவிட்சர்லாந்தின் கல்வியாளர் அடால்ஃப் ஃபெரியேர். பிள்ளை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, செய்து கற்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர். இளம் வயதிலேயே செவித்திறனை இழந்தவர். காது கேளாத ஒருவர் இரு மொழிகள் ஒலிக்கும் பள்ளிக்கு விதை போட்டார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழும். 1924-ல் ஃபெரியேர் குடும்பத்தின் வீட்டில்தான் முதல் வகுப்புகள் தொடங்கின. சேர்ந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிரெஞ்சும் ஆங்கிலமும் ஏன்? இதை யாரும் நாகரிகத்துக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதுவரை ஐரோப்பிய அரசுகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட மொழி பெரும்பாலும் பிரெஞ்சுதான். 1919-ல் வெர்சாய் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, பிரெஞ்சு வடிவமும் ஆங்கில வடிவமும் ஒன்றுக்கொன்று சமமானவை என்று அந்த உடன்படிக்கையிலேயே எழுதினார்கள். சர்வதேச சங்கமும் அந்த இரு மொழிகளிலேயே இயங்கியது. அப்பாவும் அம்மாவும் அலுவலகத்தில் எந்த இரு மொழிகளுக்கு இடையில் நாளெல்லாம் போய்வந்தார்களோ, அவையே பிள்ளைகளின் வகுப்பறைக்கும் வந்தன.

நம் நாட்டோடு இந்தப் பள்ளிக்கு ஒரு சிறு தொடர்பும் உண்டு. 1926-ல் கமலா நேருவின் சிகிச்சைக்காக ஜவாஹர்லால் நேரு குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போனார். அப்போது எட்டு வயதுச் சிறுமியாக இருந்த இந்திரா சேர்ந்த பள்ளி இதுதான். பிரதமராக இருந்த காலத்தில் அவர் பிரெஞ்சில் தடையில்லாமல் பேசியதைக் கேட்டு வியந்தவர்கள் உண்டு. அந்தப் பேச்சின் வேர் சுவிட்சர்லாந்துப் பள்ளி நாட்களில் இருக்கிறது.

ஆனால் எக்கோலின்ட் என்றால் என் மனத்தில் முதலில் எழுகிற பெயர் மரி-தெரேஸ் மோரெத். 1929 முதல் 1949 வரை அந்தப் பள்ளியைத் தலைமை ஏற்று நடத்திய பெண்மணி. எப்படிப்பட்ட இருபது ஆண்டுகள் என்று பாருங்கள்: பொருளாதாரப் பெருவீழ்ச்சி, ஹிட்லரின் எழுச்சி, சர்வதேச சங்கத்தின் சரிவு, இரண்டாம் உலகப்போர். எந்த அமைப்பின் பிள்ளைகளுக்காகப் பள்ளி தோன்றியதோ அந்த அமைப்பே கண்ணெதிரே குலைந்துகொண்டிருந்தது. பள்ளி குலையாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

போர் முடிந்தபின், 1948-ல், அவர் யுனெஸ்கோவுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். அமைதிக்காகக் கல்வி தருவதற்கு வழிமுறைகள் என்று ஏதேனும் உண்டா என்ற கேள்விதான் அதன் தலைப்பு. அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவர் பிள்ளைகளுக்கு அமைதியைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றச் சொல்லவில்லை. புவியியல் பாடத்தை எங்கே தொடங்குவது என்று பேசுகிறார். சொந்த நாட்டின் வரைபடத்தில் தொடங்கினால், உலகத்தின் நடுவில் தன் நாடும் அதைச் சுற்றி மற்றவையும் இருப்பதாகப் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும். அதனால் முதலில் உலகம் முழுவதும், உருண்டையோடு. நாடுகளின் எல்லைக்கோடுகள் அப்புறம். வரலாற்றைப் பிள்ளைகள் சற்று வளர்ந்த பிறகு தொடங்கலாம். தொடங்கும்போது ஒரு நாட்டின் மன்னர் வரிசையாக இல்லாமல், ஒரே காலத்தில் உலகின் பல மூலைகளில் என்ன நடந்தது என்று பக்கம் பக்கமாக வைத்துக் காட்ட வேண்டும். பள்ளியின் இரு மொழிகளையும் எல்லாரும் கற்றாக வேண்டும். இதில் விதிவிலக்குக் கிடையாது.

புவியியலை அவர் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதற்குக் குடும்பமும் ஒரு காரணம். கணவர் ஃபெர்னான் மோரெத் புவியியலாளர், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் உயர் பொறுப்பில் இருந்தவர். தந்தை போல் துப்புய் பாரிசில் புகழ்பெற்ற எக்கோல் நார்மாலில் நெடுங்காலம் பணியாற்றியவர். இளம் வயதில் துப்பாக்கிச் சண்டையில் இறந்த கணித மேதை கல்வாவின் வாழ்க்கையை 1896-லேயே எழுதியவர். ஓய்வுக்குப் பிறகு மகளின் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தார். வரைபடத்தை எங்கே மையம் வைத்து வரைகிறோம் என்பதும் விழுமியம்தான் என்பதை அந்த வீட்டாருக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இரு மொழி கட்டாயம் என்ற விதியைத்தான் நான் இந்தக் கதையின் உயிர் என்பேன். வேலைவாய்ப்புக்கு உதவும், மூளைக்கு நல்லது என்று பலவிதமாக அதை நியாயப்படுத்துவார்கள். எனக்குப் படும் நியாயம் வேறு. இரு மொழியும் உண்மையிலேயே சமமாக நடக்கும் பள்ளியில் எல்லாப் பிள்ளையும் நாளுக்கு ஒரு நேரமாவது தெரியாதவராக உட்கார்ந்தாக வேண்டும். காலையில் ஆங்கில வகுப்பில் பட்பட்டென்று கை தூக்கிய லண்டன் பெண், மதியம் பிரெஞ்சில் வரலாறு நடக்கும்போது பக்கத்தில் இருக்கும் லியோன் பையனிடம் மெல்லக் கேட்டுக்கொள்வாள். மறுநாள் காலை அவன் அவளிடம் கேட்பான். யாரும் நிரந்தரக் கெட்டிக்காரர் இல்லை, யாரும் நிரந்தர மக்கு இல்லை. மொழி தெரியாததும் அறிவு இல்லாததும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகள் உடம்பால் கற்றுக்கொள்கிறார்கள். மரியாதை என்று கையேட்டில் எழுதியிருக்கிறதே, அது பிறக்கும் இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆங்கிலம் சரியாக வராததால் வாய் திறக்காமலே பள்ளி வாழ்வைக் கழித்த எத்தனை பேரை நமக்குத் தெரியும்! அவர்கள் பேசும் நேரம் என்று ஒன்று அவர்கள் பள்ளியின் கால அட்டவணையில் இருக்கவே இல்லை.

எக்கோலின்டின் கதையில் ஒரு பெரிய சிக்கல் வந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பள்ளி வளர்ந்தது. பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வந்ததும் பல்கலைக்கழகம் போக வேண்டும். பிரான்சுக்குப் போகிறவர்களுக்குப் பிரெஞ்சு பக்கலொரேயா. சுவிட்சர்லாந்திலேயே படிப்பவர்களுக்கு மத்யூரித்தே. பிரிட்டனுக்கு ஜி.சி.இ. அமெரிக்காவுக்குக் கல்லூரி வாரியத் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடத்திட்டம், தனி வகுப்பு, தனி ஆசிரியர். சிறு வயதில் ஒன்றாக உருண்டையைச் சுற்றிப் பார்த்த பிள்ளைகள், பதினாறு வயதில் நாடு நாடாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். வளாகம் ஒன்று, மணி ஒன்று, உணவுக்கூடம் ஒன்று. தேர்வு மட்டும் அவர்களைப் பழைய எல்லைக்கோடுகளுக்கே திருப்பி அனுப்பியது. நோக்கு என்று தாளில் என்ன எழுதியிருந்தாலும், கடைசியில் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்வது தேர்வுத்தாள்தான். பள்ளி நடத்தும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

எக்கோலின்ட் ஆசிரியர்கள் அதோடு விட்டுவிடவில்லை. ராபர்ட் லீச் என்ற வரலாற்று ஆசிரியர் முன்னின்று 1962-ல் ஜெனீவாவில் பன்னாட்டுப் பள்ளிகளின் சமூக அறிவியல் ஆசிரியர்களைக் கூட்டினார். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக ஒரு தேர்வை நாமே உருவாக்கினால் என்ன என்ற கேள்வி அங்கே எழுந்தது. அடுத்த ஆண்டே தற்கால வரலாற்றில் ஒரு சோதனைத் தேர்வு. எக்கோலின்டில் பிரெஞ்சு இலக்கியமும் தத்துவமும் கற்பித்த ஜெரார் ரெனோ, ஆக்ஸ்ஃபர்டிலிருந்து வந்த அலெக் பீட்டர்சன் ஆகியோர் அந்த முயற்சியைத் தோளில் சுமந்தார்கள். 1968-ல் ஜெனீவாவில் அது தனி அமைப்பாகப் பதிவானது. இன்று சென்னை, கோவை வரை 'ஐ.பி.' என்று நாம் சொல்லும் இன்டர்நேஷனல் பக்கலொரேயட் பிறந்தது இப்படித்தான். கட்டணப் பட்டியலில் அந்த இரண்டெழுத்தைப் பார்க்கும் நம் பெற்றோருக்கு இந்தப் பின்கதையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே வகுப்பில் வளர்ந்த பிள்ளைகளைத் தேர்வு பிரித்துவிடக் கூடாது என்று ஆசிரியர்கள் பட்ட கவலையிலிருந்து வந்தது அது. ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் எழுதக்கூடிய தேர்வாகவே அதைத் தொடங்கினார்கள்.

வகுப்பறைக்குள் இரு மொழி என்பது இரு அகராதி மட்டும் இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை வகுத்தல் கணக்குப் போடுவதைப் பாருங்கள். பிரெஞ்சு முறையில் வகுபடும் எண் இடப்பக்கம், ஒரு நெடுங்கோடு, வகுக்கும் எண் வலப்பக்கம், ஈவு அதற்குக் கீழே. பிரிட்டிஷ் முறையில் வகுக்கும் எண் இடப்பக்கம், ஈவு தலைக்கு மேல். தசமத்துக்குப் பிரெஞ்சில் காற்புள்ளி, ஆங்கிலத்தில் புள்ளி. மதிப்பெண் என்றால் பிரான்சில் இருபதுக்கு, சுவிட்சர்லாந்தில் ஆறுக்கு, ஐ.பி.யில் பாடத்துக்கு ஏழு. முதல் சில மாதங்கள் பிள்ளை குழம்பத்தான் செய்யும். குழப்பம் தெளிந்தபின் அந்தப் பிள்ளைக்கு ஒன்று புலப்படும்: கணக்கு வேறு, கணக்கை எழுதும் வழக்கம் வேறு. ஒரே முறையைப் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு அது கல்லூரியில்கூடப் புலப்படுவதில்லை.

மேல்வகுப்பில் கட்டுரை எழுதும்போது வித்தியாசம் இன்னும் ஆழமாகும். ஆங்கில மரபில் முதல் பத்தியிலேயே உன் நிலைப்பாட்டைச் சொல், பிறகு அதற்கு ஆதாரம் காட்டு என்பார்கள். பிரெஞ்சு மரபில் முதலில் கேள்வியைச் சரியாகக் கேட்டாயா என்று பார்ப்பார்கள். ஒரு பக்கத்தை முழுமையாக வாதாடு, பிறகு மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு வாதாடு, அதற்குப் பிறகுதான் உன் முடிவு. இரண்டையும் எழுதப் பழகிய பிள்ளைக்கு, எதிராளியின் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லும் திறன் வந்துவிடுகிறது. பிரெஞ்சு வகுப்பில் இன்னொன்றும் உண்டு, நமக்கு நன்கு பழக்கமானது: சொல்வதெழுதுதல். நம் பள்ளிகளில் அது தேய்ந்துவருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் கைவிடவில்லை. காதையும் கையையும் ஒருசேரப் பழக்கும் அந்த எளிய பயிற்சியை நம் ஆசிரியர்கள் மீட்டெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வரலாற்றுப் பாடத்துக்கு வருவோம். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒரே வகுப்பில் வரலாறு படிப்பதென்றால் என்ன என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் சண்டை போட்டது நம் வயல்களில். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1760-ல் வந்தவாசி, அடுத்த ஆண்டே புதுச்சேரியின் வீழ்ச்சி. ஓர் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் கிளைவ் நாயகன், பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் துப்ளேக்ஸ். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் மாணவிக்கு, ஒரே போருக்கு இரு கதைகள் உண்டு என்பது தெரியவரும். நல்ல ஆசிரியராக இருந்தால் அங்கே நிற்க மாட்டார். அதே ஆண்டுகளில் புதுச்சேரியில் துப்ளேக்சின் துபாஷியாக இருந்து, கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையையும் வகுப்புக்குக் கொண்டுவருவார். அந்த நாட்குறிப்பு ஆங்கிலத்தில் பல தொகுதிகளாகவே வந்திருக்கிறது. இரண்டு மொழி தெரிந்தால் இரண்டு பக்க நியாயம் தெரியும். யாருடைய மண்ணில் சண்டை நடந்ததோ அவர்களின் குரலைக் கேட்க மூன்றாவது மொழியும் வேண்டும். பன்னாட்டுப் பள்ளி என்ற பெயருக்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்.

மூன்றாவது மொழி என்றதும் நம் வாசகி ஒருவரின் கடிதத்தைக் குறிப்பிட வேண்டும். கணவருக்கு வேலை மாற்றம், சென்னையிலிருந்து ஜெனீவாவுக்குக் குடும்பம் போகிறது, இரண்டு சின்னப் பிள்ளைகள். "பள்ளியில் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் வந்துவிடும் சார். தமிழ் என்ன ஆகும்? மூன்றையும் திணித்தால் குழந்தை குழம்பிவிடாதா?" என்று கேட்டிருந்தார். இந்தக் கேள்வி அவருடையது மட்டும் இல்லை என்பதால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

அம்மா, இதற்கு உதவும் ஆய்வு பிரெஞ்சு-ஆங்கிலம் இரண்டும் உரசிக்கொள்ளும் ஊரிலிருந்தே கிடைத்தது. கனடாவின் மொன்றியலை ஒட்டி செயின்ட் லாம்பர்ட் என்ற ஊர். 1965-ல் அங்கிருந்த ஆங்கிலப் பெற்றோர் சிலர் வற்புறுத்தி, தங்கள் மழலைகளுக்கு முதல் நாளிலிருந்தே பிரெஞ்சில் பாடம் நடத்தவைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட் அந்தக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பில் சற்றுப் பின்தங்கினார்கள். ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள். பிரெஞ்சும் நன்றாக வந்தது. குழந்தை குழம்பவில்லை. ஆனால் லாம்பர்ட் ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார். அந்தக் குழந்தைகளின் தாய்மொழி வீட்டிலும் தெருவிலும் வானொலியிலும் வலுவாக இருந்தது. அதனால் புதிய மொழி அதன்மேல் கூடுதலாக வந்து சேர்ந்தது. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு நிலைமை தலைகீழ். பள்ளி மொழி உள்ளே வரவர வீட்டு மொழி வெளியே போய்விடக்கூடும்.

ஆகவே உங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். அதைப் பள்ளியும் விளையாட்டு மைதானமும் பார்த்துக்கொள்ளும். நண்பர்களோடு பேசும் அளவுக்கு ஓரிரு ஆண்டில் வந்துவிடும். பாடத்தைச் சிந்தித்து எழுதும் அளவுக்கு வர ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் நெடுநாள் ஆய்வுகளிலிருந்து காட்டியிருக்கிறார். வாய் சரளமாகிவிட்டதே, எழுத்து ஏன் தடுமாறுகிறது என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுப் பொறுப்பு தமிழ். சாப்பாட்டு மேசையில், தூங்கும் முன் கதையில், தாத்தா பாட்டியோடு பேசும் தொலைபேசியில் தமிழ்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சோடு நிறுத்தாமல் வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுங்கள். சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழர்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைப் பல்லாண்டுகளாக அரும்பாடுபட்டு நடத்திவருகிறார்கள். போனவுடன் விசாரியுங்கள். முதல் வகுப்பைத் தாய்மொழியில் தொடங்குவதே சிறந்தது என்று யுனெஸ்கோவின் வல்லுநர்கள் 1953-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். அது கிடைக்காத இடத்தில் வீடுதான் அந்த வகுப்பறை.

மொன்றியல் தமிழர்களையும் இங்கே நினைக்கிறேன். கியூபெக் மாநிலத்தின் 1977 மொழிச் சட்டப்படி குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து போரைத் தாண்டி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சு, கடைவீதியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்தார்கள். எந்தப் பளபளப்பான கையேடும் இல்லாமல் மூன்று மொழியிலும் நிமிர்ந்து நிற்கும் தலைமுறை அது. பன்னாட்டுப் பள்ளிகள் பெருமையோடு சொல்லும் 'பன்மொழி ஆளுமை' அரசுப் பள்ளி வழியாகவும் வரும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தை முடித்தால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவனாக மாட்டேன். எக்கோலின்ட் லாப நோக்கில்லாத அறக்கட்டளைதான். ஆனாலும் மேல்வகுப்புகளில் ஆண்டுக் கட்டணம் 30,000 சுவிஸ் பிராங்கைத் தாண்டும். ஐ.நா. ஊழியர் பலருக்கு நிறுவனமே கல்வி உதவித்தொகை தருவதால் அவர்களால் தாங்க முடிகிறது. மூன்று வளாகங்களில் இன்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆங்கில வழியில் படிப்பவர்களே அதிகமாகிவிட்டார்கள். சமமாகத் தொடங்கிய இரு மொழிகளில் ஒன்றின் பக்கம் உலகமே சாயும்போது பள்ளியும் சாயாமல் நிற்பது எளிதில்லை. சமாதானத்துக்கான கல்வி, பணம் கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் போய்ச்சேருவது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் கனடாவின் அரசுப் பள்ளிகளில் இலவசமாக நடக்கும் பிரெஞ்சு இம்மெர்ஷன் வகுப்புகளை நான் பெரிதாக மதிக்கிறேன். செயின்ட் லாம்பர்ட்டில் ஒரு சில பெற்றோர் தொடங்கியது இன்று லட்சக்கணக்கான பிள்ளைகளைச் சென்றடைந்திருக்கிறது. டொராண்டோ பக்கம் தமிழ்ப் பெற்றோர் பலரும் அதில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள்.

நம் ஊரிலும் பிரெஞ்சு இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் தமிழுக்குப் பதிலாக மதிப்பெண்ணுக்காக எடுக்கப்படும் பாடமாக அது பல பள்ளிகளில் சுருங்கிக் கிடப்பதுதான் வருத்தம். மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, ஒரு பிரெஞ்சுக்காரரைப் பார்த்தால் வழி கேட்கத் தயங்குகிறது. ஒரு மொழியைக் கைவிட்டும் இன்னொரு மொழி வந்து சேராத இந்த ஏற்பாட்டை எந்த நோக்கு அறிக்கையாலும் நியாயப்படுத்த முடியாது. பிரெஞ்சு படிக்கட்டும், மகிழ்ச்சியாகப் படிக்கட்டும். தமிழோடு சேர்த்துப் படிக்கட்டும்.

அதற்கு முன்னுதாரணம் தேடி ஜெனீவா போக வேண்டாம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் போதும். புதுச்சேரியின் பிரெஞ்சு லிசே 1826-ல் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சி போய், புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த பிறகும் அது நடக்கிறது. பாடமொழி பிரெஞ்சு, தமிழும் ஆங்கிலமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. பிரான்சின் பக்கலொரேயா தேர்விலேயே தமிழை ஒரு மொழிப்பாடமாக எழுத வழி இருந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாது.

நீங்கள் இந்தக் கோடையில் பிள்ளைக்காக ஏதேனும் ஓர் இருமொழிப் பள்ளியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அலுவலக அறையில் கையேட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: அறிவியலும் கணக்கும் எந்த மொழியில், இரண்டாம் மொழிக்குப் பாட்டும் ஓவியமும் மட்டும்தானா? நூலகத்தில் இரு மொழிப் புத்தகங்களும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றனவா? பெற்றோருக்கு வரும் சுற்றறிக்கை எந்த மொழியில் வருகிறது? புதிதாகச் சேர்ந்து மொழி தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைப்பார்கள்? வீட்டு மொழியில் இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டால் தண்டனை உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் தலைமையாசிரியரிடம் கேட்காமல், ஆயாம்மாவிடமோ பிள்ளைகளிடமோ கேளுங்கள்.

புதுச்சேரி, மொன்றியல், பாரிஸ், ஜெனீவா வாசகர்களே, உங்கள் பிள்ளைகளின் பள்ளி அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளைகளே எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. எந்த மொழியில் எழுதினாலும் சரி. அடுத்த இதழில் நான்கு பக்கங்களை அதற்காக ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்